பேச்சே ஊரைக் காட்டும்: நெல்லைத் தமிழ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியூரில் வேலை பார்க்கும் நம்ம ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் இது பழகிய சமாச்சாரம். கடையிலோ ரயிலிலோ ரெண்டு வரி பேசியிருப்போம், எதிரே இருப்பவர் “திருநெல்வேலிப் பக்கமா?” என்று கேட்டுவிடுவார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று யோசித்தால் பிடிபடாது. அதைச் சுற்றி என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகளை எல்லாம் வாயில் வருகிறபடியே எழுதியிருக்கிறேன். உரக்கப் படித்துப் பார்த்தால்தான் விளங்கும்.

நான் “ஏலே” என்று சொல்லவே இல்லை. அப்புறம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

உங்கள் வினைச்சொல்லின் வால் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. “ஏலே”, “அண்ணாச்சி” எல்லாம் நாம் தெரிந்தே பேசுகிற சொற்கள். வெளியூரில் அவற்றை அடக்கிவிட முடியும். ஆனால் நிகழ்காலத்தை எப்படிச் சொல்கிறோம் என்பதை நாம் கவனிப்பதே இல்லை. அது தானாக வருகிறது.

எழுத்தில் “பார்க்கிறேன், படிக்கிறேன், கேட்கிறான்” என்கிறோம். சென்னையிலும் மதுரையிலும் பேச்சில் அது “பாக்குறேன், படிக்கிறேன், கேக்குறான்” என்று வரும். நெல்லைச் சீமையில் “பாக்கேன், படிக்கேன், கேக்கான்”. நடுவில் இருக்கும் “கிற” அப்படியே கரைந்துபோகிறது. “தல வலிக்குது” என்று மற்றவர் சொன்னால் நாம் “தல வலிக்கு” என்போம். “பசிக்குது” நம்மிடம் “பசிக்கு”.

இது ஏதோ நம்ம ஊரில் மட்டும் முளைத்த விநோதம் இல்லை. “இருக்கிறேன்” என்பதைத் தமிழ்நாடு முழுக்க “இருக்கேன்” என்றுதான் பேசுகிறார்கள். “இருக்கிறது” எல்லா ஊரிலும் “இருக்கு”தான். மற்ற ஊர்க்காரர்கள் அந்த ஒரு வினையோடு நிறுத்திக்கொண்டார்கள். நாம் அந்தச் சுருக்கத்தைப் படிக்க, நடக்க, சிரிக்க என்று அந்த வகை வினைகள் எல்லாவற்றுக்கும் கொண்டுபோயிருக்கிறோம்.

இன்னொரு வகை வினைகள் இருக்கின்றன: சொல்லு, பேசு, ஓடு, செய், தூங்கு. இவற்றுக்கு “சொல்லுதேன், பேசுதான், ஓடுதான், என்ன செய்யுத?” என்று “உத” சேர்க்கிறோம். இதற்கும் பொதுப் பேச்சில் ஒரு சொந்தம் உண்டு. “வண்டி ஓடுது, குழந்தை பேசுது” என்று அஃறிணைக்கும் குழந்தைக்கும் எல்லா ஊரிலும் சொல்கிறார்கள். நம்ம பக்கத்தில் அந்த ஒலி ஆளுக்கும் வந்துவிட்டது. வண்டியும் ஓடுது, பையனும் ஓடுதான். “வாரேன், தாரேன்” என்று நெடிலாக வருவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

முன்னிலையில்தான் வெளியூர்க்காரர் தடுமாறுவார். “என்ன பாக்க?” என்று கேட்டால் “என்ன பார்க்கிறாய்?” என்று பொருள். “ஏன் சிரிக்க?” என்றால் “ஏன் சிரிக்கிறாய்?” பழக்கமில்லாதவர், வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று நினைத்து மிச்சத்துக்குக் காத்திருப்பார்.

“வந்தாவ, சொன்னாவ” என்பதில் “வ” எங்கிருந்து வந்தது?

“வந்தார்கள்” என்பதிலிருந்து. வடக்கே அது “வந்தாங்க” ஆயிற்று. மதுரை, இராமநாதபுரம் பக்கம் “வந்தாக”. நம்மிடம் அந்த “க” இன்னும் இளகி “வ” ஆகிவிட்டது: “வந்தாவ”.

இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வரும் “க” இளகுவது நம்ம பேச்சின் பொதுக்குணம். பிறகு என்பது “பொறவு”, விறகு என்பது “வெறவு”, மிளகு என்பது “மொளவு”. ஒரே வாய்ப்பழக்கம்தான் இத்தனை சொற்களிலும் வேலை செய்கிறது. ஆச்சி “பொறவு பாத்துக்கலாம்” என்று சொன்னதைப் பிழை என்று நினைத்துத் திருத்தியவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒழுங்கில்லாமல் திரிந்த பேச்சு இப்படி ஒரே தடத்தில் போகாது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. “வந்தாவ” என்று சொல்லும்போது கடைசியில் இருந்த “ள்” காணாமல் போயிருக்கிறது. ஆனால் கேள்வியாக்கிப் பாருங்கள்: “வந்தாவளா?” ளகரம் திரும்ப வந்துவிடுகிறது. “எப்ப வந்திய?” என்பதும் அப்படித்தான். “சாப்டியளா?” என்று கேட்கும்போது “சாப்பிட்டீர்கள்” என்பதில் இருந்த “கள்” எட்டிப்பார்க்கிறது. பள்ளிக்கூடமே போகாத பாட்டிகூட இதைத் தவறாமல் சரியாகச் சொல்வார். இலக்கணம் நாக்கில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. இந்த “ஆவ” பன்மைக்கு மட்டும் இல்லை, மரியாதைக்கும்தான். “மாமா வாராவ, கதவத் தொற” என்றால் வருவது ஒரே ஒரு மாமா. “அம்மா சொன்னாவ” என்று பெற்ற தாய்க்கும் அந்த மரியாதை உண்டு. வெளியூர்த் தோழிகள் “உங்க வீட்டில் அம்மாவை இப்படியா சொல்வீர்கள்?” என்று ஆச்சரியப்படுவதைக் கேட்டிருக்கிறேன்.

நெல்லைக்காரருக்கு ழகரம் வராது என்கிறார்களே?

பேச்சில் பலருக்கு ழ என்பது ள ஆகிறது. பளம், மள, கோளி, கெளவி. ஆனால் இதை வைத்து மட்டும் நெல்லை என்று முடிவு கட்ட முடியாது. மதுரையிலும் அப்படித்தான். வட தமிழ்நாட்டில் அதே எழுத்து ய பக்கம் சாய்ந்து “வாயப்பயம்” ஆகும். ஆகவே ழ உங்களுக்குத் தெற்கா வடக்கா என்று திசை காட்டும், ஊரைக் காட்டாது.

“வராது” என்று சொல்வதும் சரியில்லை. பேச்சில் “பளம்” என்கிற அதே ஆள் தேவாரமோ வேத வாசிப்போ படிக்கும்போது ழகரத்தைச் சுத்தமாகச் சொல்வார். ஓய்வாகப் பேசும்போது நாக்கு எளிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

“ஏலே, லே, வே, ஏட்டி”: யாரை எப்படிச் சொல்லலாம்?

வெளியூர் நண்பர்கள் ஆசையாகச் சொல்லிப் பார்க்கும் சொற்கள் இவை. ஆனால் ஆளும் உறவும் தெரியாமல் வாயில் எடுக்கக் கூடாதவையும் இவைதான்.

“ஏலே, லே” வயதில் சின்ன ஆண்பிள்ளைக்கும், சேக்காளிக்கும், அதாவது கூட்டாளிக்கும். எழுத்தில் “லே” என்று போட்டாலும் பேச்சில் பெரும்பாலும் குறிலாகவே ஒட்டும்: “என்னல, எங்கல போற?” வயதில் மூத்தவரை இப்படிக் கூப்பிட்டால் அது வசவு. பெண்பிள்ளைக்கு “ஏட்டி, ஏளா”. வீட்டுக்குள்ளும் தோழிகளுக்குள்ளும் சரி, தெரியாத பெண்ணிடம் கூடவே கூடாது.

“வே” வேறு தரம். அது “நீரு” என்ற சொல்லோடு போகும். “என்னவே, எப்ப வந்தீரு? உக்காரும்.” முழு மரியாதையும் இல்லை, ஒருமையும் இல்லை. சம வயதுக்காரர்கள் உரிமையோடும் ஒரு கட்டுப்பாட்டோடும் பேசிக்கொள்ள வாய்த்த நடுப்படி. எழுத்தில் “நீர், உமக்கு” என்பவை பழைய கடிதங்களோடு நின்றுபோன காலத்திலும், தாமிரபரணிக் கரையில் வயதானவர்கள் “ஒமக்கு என்னவே கவல?” என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது இளவட்டங்களிடம் இது குறைந்து வருகிறது. இந்த நடுப்படி போனால் நீ, நீங்க என்று இரண்டே படிகள்தான் மிஞ்சும். எனக்கு அதில் மெய்யாகவே வருத்தம் உண்டு.

கொஞ்சம் மூத்த ஆணுக்கு “அண்ணாச்சி”. வயதான அம்மாவுக்கு “ஆச்சி”. அண்ணன் மனைவிக்கு “மயினி”. சின்னப் பையனைத் தாயோ ஆச்சியோ “வாய்யா” என்று கொஞ்சுவதும் உண்டு. தெற்கத்தி வியாபாரிகள் சென்னைக்குப் போய் மளிகைக் கடை போட்டதால் அங்கே “அண்ணாச்சி கடை” என்றாலே மளிகைக் கடை என்று ஆகிவிட்டது.

திருநெல்வேலிச் சீமை முழுக்க ஒரே பேச்சா?

இல்லவே இல்லை. முதலில் “திருநெல்வேலி” என்று நான் சொல்வது இன்றைய மாவட்டத்தை மட்டும் அல்ல. 1986-இல் தூத்துக்குடியும், 2019-இல் தென்காசியும் தனி மாவட்டங்கள் ஆயின. பேச்சு அந்தக் கோடுகளைப் பார்த்து மாறவில்லை.

வடக்கே கோவில்பட்டி, சங்கரன்கோவில் கரிசல் காட்டில் மதுரைச் சாயல் தட்டும். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் பல தலைமுறையாக அங்கே இருக்கின்றன. அவர்கள் பேசும் தமிழுக்கும் தனி மணம் உண்டு. சாத்தூர், விருதுநகர் என்று மேலே போகப்போக “பாக்கேன்” குறைந்து “பாக்குறேன்” தலைதூக்கும். எந்த இடத்தில் மாறுகிறது என்று கோடு கிழிக்க முடியாது. பேருந்தில் ஏறி, இறங்கும் ஊர் ஒவ்வொன்றிலும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே போனால் புரியும்.

கிழக்கே கடற்கரை. தூத்துக்குடி, மணப்பாடு, உவரி ஊர்களின் பேச்சில் கடலும் வலையும் சார்ந்த சொற்கள் நிறைய. காயல்பட்டினத்தில் அப்பாவை வாப்பா, அம்மாவை உம்மா, அண்ணனைக் காக்கா என்பார்கள். திசையன்விளை, உடன்குடி தேரிக்காட்டுப் பக்கம் பனைத்தொழில் சொற்கள் பேச்சோடு கலந்து வரும். அங்கே பதநீரைப் “பதனி” என்றோ “பயினி” என்றோ சொல்வார்கள்.

மேற்கே செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் மலையாளம். சந்தையும் கல்யாண உறவும் அங்கேயும் இங்கேயும் போய்வந்த ஊர்கள் என்பதால் பேச்சிலும் அந்தத் தொடர்பு கேட்கும்.

தெற்கே வள்ளியூர், பணகுடி தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்துவிட்டால் நாஞ்சில் நாட்டுப் பேச்சு. வெளியூர்க்காரர்கள் நெல்லையையும் நாகர்கோவிலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள். பிரித்தறிய ஒரு வழி சொல்கிறேன். “என்னுடைய வீடு, அவனுடைய வண்டி” என்பதை எப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள். “எனக்க வீடு, அவனுக்க வண்டி” என்று வந்தால் குமரி மாவட்டம். நம்மிடம் “என் வீடு, அவன் வண்டி”தான். “மக்கா” என்ற விளியும் அங்கேதான் அதிகம் புழங்கும்.

ஊர் மட்டும்தான் பேச்சைத் தீர்மானிக்கிறதா?

இல்லை. ஒரே ஊரில் ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் வேறுபாடு கேட்கும். கல்லிடைக்குறிச்சி அக்ரகாரத்தில் “ஆத்துல” என்பது, நாலு தெரு தள்ளி “வீட்ல”. மேலப்பாளையத்துப் பேச்சு வேறு, பாளையங்கோட்டைப் பேச்சு வேறு. சாதி, மதம், தொழில், படிப்பு, வயது எல்லாம் கலந்த ஒலிதான் ஒருவருடைய பேச்சு. ஆகவே பேச்சைக் கேட்டு ஊரைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு மேலே “நீங்க யாரு, எந்தத் தெரு?” என்று தோண்டுவது சாதி கேட்பதற்கான மறைமுக வழி. நம்ம பக்கத்தில் அதனால் புண்பட்டவர்கள் ஏராளம்.

பேச்சை வைத்து ஆளைப் பிடிப்பது தமிழில் மட்டும்தானா?

உலகம் முழுக்க உண்டு. நம்ம பக்கத்து சர்ச்சுகளில் ஞாயிற்றுக்கிழமை பைபிள் பாடம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இரண்டு கதைகள் ஞாபகம் இருக்கும். நியாயாதிபதிகள் காலத்தில் யோர்தான் துறையைக் கடக்க வந்த எப்பிராயீமரை, அவர்களோடு போரிட்ட கீலேயாத்தார் “ஷிபோலேத்” என்று சொல்லச் சொல்வார்கள். “சிபோலேத்” என்று நாக்கு புரண்டவர்கள் கொல்லப்பட்டார்கள். இன்னொன்று பேதுருவின் கதை. இயேசுவைத் தெரியாது என்று அவர் மறுத்தபோது, உன் பேச்சே காட்டிக்கொடுக்கிறதே என்று சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். அது கலிலேயப் பேச்சு.

ஒரு எழுத்தின் ஒலி உயிரையே வாங்கியிருக்கிறது. வட்டார வழக்கைக் கேலி பேசுவது சின்ன விஷயம் என்று சொல்பவர்களுக்கு முதல் கதையை நான் நினைவுபடுத்துவதுண்டு.

இது கொச்சைத் தமிழா?

இல்லை. பழைய இலக்கணக்காரர்களே சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நாலாகப் பிரித்துத் திசைச்சொல்லுக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். வட்டாரத்துக்கு வட்டாரம் தமிழ் மாறும் என்பதை அன்றைக்கே ஏற்றுக்கொண்டாயிற்று.

எழுத்துத் தமிழை எந்த ஊர்க்காரரும் வீட்டில் பேசுவதில்லை. சென்னையில் “வந்தாங்க” என்பதும் திரிபு, இங்கே “வந்தாவ” என்பதும் திரிபு. இரண்டும் “வந்தார்கள்” என்பதன் பிள்ளைகள். ஒன்று தொலைக்காட்சியில் வருகிறது, மற்றது வருவதில்லை. வேறுபாடு அதில்தான் இருக்கிறது.

சினிமாவில் வரும் நெல்லைத் தமிழ் ஏன் ஒட்டவில்லை?

மேலே சொன்ன வினைமுற்றைக் கவனிக்காததால். வாக்கியத்துக்கு வாக்கியம் “ஏலே” போடுகிறார்கள். ஆனால் உடனே “நான் பாத்துக்குறேன்” என்று முடிக்கிறார்கள். நம்ம ஊர்க் காதுக்கு அந்த இடத்திலேயே குட்டு உடைந்துவிடும். “பாத்துக்கிடுதேன்” என்று வந்திருக்க வேண்டும். “ஏலே” ஒன்றுகூட இல்லாமல், வினைகளை மட்டும் சரியாகச் சொன்னால் போதும், நாங்கள் நம்பிவிடுவோம்.

இன்னொரு குறை, எல்லாப் பாத்திரமும் எல்லாரையும் “லே” போடுவது. எந்த வீட்டிலும் மகன் அப்பாவை அப்படிக் கூப்பிட மாட்டான்.

“இன்னா” என்று நாமும் சொல்கிறோம், சென்னைக்காரரும் சொல்கிறாரே?

ஒலி ஒன்று, வேலை வேறு. சென்னையில் “இன்னா” என்றால் “என்ன”. நம்மிடம் “இன்னா இருக்கு” என்றால் “இதோ இருக்கிறது”. தூரத்தில் இருந்தால் “அன்னா போறான்”. இந்தா, அந்தா என்பவற்றின் மெல்லிய வடிவங்கள் இவை.

சென்னைக்குப் போனதும் என் பேச்சு மாறுகிறது. ஊருக்கு போன் போட்டதும் பழையபடி ஆகிவிடுகிறது. இது நடிப்பா?

நடிப்பு இல்லை. எதிரே பேசுபவரின் பேச்சுக்கு நம் பேச்சு இசைந்துகொடுப்பது மனித இயல்பு. அம்மாவின் குரல் கேட்டதும் “சாப்ட்டாச்சும்மா, வேலைக்குக் கெளம்புதேன்” என்று வருவது அந்த இசைவுதான். பக்கத்தில் இருக்கும் அலுவலக நண்பர் சிரித்தால் சிரிக்கட்டும்.

பிள்ளைகள் விஷயம் வேறு. அவர்கள் பெற்றோரைவிட, கூட விளையாடும் பிள்ளைகளின் பேச்சையே அதிகம் பிடித்துக்கொள்வார்கள். சென்னையில் வளரும் பிள்ளை சென்னைத் தமிழ் பேசுவதில் குற்றம் இல்லை. விடுமுறைக்கு ஒரு மாதம் ஆச்சி வீட்டில் விட்டால் “வாரேன், தாரேன்” தானாக ஒட்டிக்கொள்ளும். பெரியவர்களுக்கு மாற்றிக்கொள்வது கடினம். அதனால்தான் எவ்வளவு வருஷம் வெளியூரில் இருந்தாலும், கோபம் வரும்போதும் கணக்குக் கூட்டும்போதும் ஊர்ப்பேச்சு வெளியே வந்துவிடுகிறது.

நேர்முகத் தேர்வுக்காக நான் பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டுமா?

தெளிவாகப் பேசுங்கள், நிதானமாகப் பேசுங்கள். நம்மில் பலர் வேகமாகப் பேசுவோம், கேள்வியின் கடைசி எழுத்தை இழுப்போம். கேட்பவருக்குப் புரியும்படி அந்த வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும். “சொல்லுதேன்” என்பதைச் “சொல்றேன்” ஆக்குவதால் உங்கள் அறிவு கூடப்போவதில்லை. எந்தப் பேச்சோடு வந்தாலும் விஷயத்தைக் கேட்பதுதான் தேர்வு வைப்பவருடைய கடமை.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டுரையில் “வந்தாவ” என்று எழுதினால் திருத்துங்கள், எழுத்துக்கு எழுத்து நடை வேண்டும். வகுப்பில் பிள்ளை வாய்திறந்து “பசிக்கு சார்” என்றால் அதைத் திருத்தாதீர்கள். நாலு பேர் முன்னால் பேச்சைத் திருத்திய வகுப்பில் பிள்ளை அடுத்த கேள்வி கேட்க மாட்டான்.

வீட்டுப் பெரியவர்களின் பேச்சைப் பதிந்துவைக்க நினைக்கிறேன். எப்படிச் செய்வது?

செல்போனே போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை அவர்கள் மடிக்குப் பக்கத்தில் வையுங்கள். “நம்ம ஊர்ப் பேச்சு பேசு ஆச்சி” என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் திருத்தமாகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். கல்யாணம் நடந்த கதை, கோயில் கொடைத் திருவிழா நடந்த கதை, ஆத்தில் வெள்ளம் வந்த கதை என்று ஏதாவது ஒன்றைக் கேளுங்கள். முதல் கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். கதை சூடுபிடித்ததும் மறந்துவிடுவார்கள். உங்களுக்கு வேண்டிய பேச்சு அதற்குப் பிறகுதான் வரும்.

ரெண்டு பேரைச் சேர்த்து உட்காரவைத்தால் இன்னும் நல்லது. “நீரு சொல்லும்”, “இல்லவே, அப்படி இல்ல” என்று ஒருவரை ஒருவர் மறித்துப் பேசும்போதுதான் விளிகளும் மரியாதைப் படிகளும் வெளிப்படும். பதிவின் தொடக்கத்தில் ஊர், வயது, தேதி மூன்றையும் உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். அப்புறம், அவர்களிடம் அனுமதி கேட்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.